அம்மா டிவியில் எழுதினாள்

அந்தக் கம்ப்யூட்டர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றின் அளவுதான் இருந்தது. கறுப்பு உடம்பு. அதன்மேல் நான்கு வரிசையாகச் சாம்பல் நிற ரப்பர் பொத்தான்கள். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா அதைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தபோது எனக்குப் பத்து வயது. பொத்தான்களை நான் அழிரப்பர் என்று நினைத்துக்கொண்டு ஒன்றைப் பிய்க்கப் பார்த்தேன். மாமா கையில் ஒரு தட்டு தட்டினார். எனக்கும் கம்ப்யூட்டருக்குமான உறவு இப்படித்தான் தொடங்கியது. இன்று அவனியாபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன் என்றாலும் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்வேன். ஓடினால் என் திறமை. ஓடாவிட்டால் போர்டு போய்விட்டது.

மாமா அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கியிருந்தார். டிவியில் மாட்டினால் கார் ஓடும், தவளை தாவும் என்று கடைக்காரர் சொன்னாராம். மாட்டிப் பார்த்தோம். காரும் இல்லை, தவளையும் இல்லை. வெள்ளைத் திரையின் அடியில் ஏதோ ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. மாமா இரண்டு நாள் முட்டி மோதிவிட்டு, "ஏமாத்திட்டாய்ங்கக்கா" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கூட வந்த தடித்த புத்தகத்தை மூன்றாவது நாள் அம்மா எடுத்தாள்.

அம்மா அப்போது ஆரப்பாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே சைக்கிள் கடை, மேலே இன்ஸ்டிட்யூட். இருபது மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது கீழே தொங்கும் சைக்கிள் டயர்கள் லேசாக ஆடும். அம்மாவின் விரல்கள் இரும்போடு பழகியவை. அந்த வலுவில் ரப்பர் பொத்தானை அவள் அமுக்கிய முதல் நாள் திரையில் ஒரே எழுத்து பதினைந்து தடவை விழுந்தது. "என்னடா இது, அப்பளத்த அமுக்குற மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் விடவில்லை. காலையில் சமையலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம், மாலையில் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்து ஒரு மணி நேரம். அப்பா மில்லில் ஷிப்டு முடிந்து வந்து செய்தி பார்க்க வேண்டும் என்று நிற்பார். "அஞ்சு நிமிசம்" என்பாள். அந்த ஐந்து நிமிடத்தில் செய்தி முடிந்து வேளாண்மை வந்துவிடும்.

ஒரு மாலை நான் தெருவில் விளையாடிவிட்டு உள்ளே வந்தேன். டிவியின் நட்டநடுவில் ஒரு 'ப' நின்றுகொண்டிருந்தது.

அதை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் "அதுக்கென்ன?" என்பார்கள். பால் விலையிலிருந்து பேரன் படம் வரை கையகலத் திரையில் தமிழில் ஓடும் காலம். ஆனால் அன்று டிவி என்பது டெல்லியும் சென்னையும் அனுப்புவதை நாம் வாயைப் பிளந்து பார்க்கிற பெட்டி. அதில் எதுவும் நம் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது அதில் ஒரு 'ப' இருந்தது. அதை அனுப்பியது டெல்லி அல்ல, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்ற என் அம்மா. நான் டிவியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அங்கே ஏதாவது ஆள் ஒளிந்திருக்கிறானா என்று பார்க்கும் வயதைத் தாண்டியிருந்தும் பார்த்தேன்.

அவள் செய்த வேலை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஆனால் நாமே சில வடிவங்களை வரைந்து அதற்குள் வைக்கலாம் என்று புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றில் போட்டிருந்தது. எட்டுக்கு எட்டு கட்டம். எந்தக் கட்டம் கறுப்பு என்று வரிக்கு ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். அம்மா கட்டம் போட்ட நோட்டு வாங்கி, பென்சிலால் எழுத்துகளை நிரப்பத் தொடங்கினாள். 'ப' சுலபம், 'ட' அதைவிடச் சுலபம். 'ண' மூன்று நாள் தின்றது. எட்டுக் கட்ட அகலத்துக்குள் அத்தனை சுழிகளையும் அடைப்பது, தீபாவளிக்கு மதுரைக்கு வரும் பஸ்ஸில் குடும்பத்தோடு ஏறுவது போன்றது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அப்படி வரைந்து வைக்க அந்த யந்திரத்தில் இருபத்தொரு அறைகள்தான் இருந்தன. தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள். வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தை மூடியிருப்பார்கள். அம்மா டைப்பிஸ்ட். தமிழ் டைப்ரைட்டரில் 'க்' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். புள்ளி விழும், காகிதம் சுற்றிய வண்டி மட்டும் நகராது. அடுத்து அடிக்கிற 'க' அதன் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு புள்ளிச் சாவி, பதினெட்டு மெய்யெழுத்துகள். இந்தப் பழக்கத்தை அவள் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனாள். புள்ளிக்கு ஓர் அறை. துணைக்காலுக்கு ஓர் அறை. கொம்புக்கு ஓர் அறை. புள்ளி விழுந்ததும் நகராமல் நில், அடுத்த எழுத்தை அதன்மேல் அழிக்காமல் அச்சடி என்று அதற்குப் புரிய வைத்தாள். இருபத்தொரு அறையில் எல்லாத் தமிழும் குடியேற முடியாதுதான். ஆனால் எந்தச் சொல் வேண்டுமோ அதற்கான எழுத்துகளைப் பார்த்துக் குடிவைத்தால், டிவி தமிழில் பேசும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மனிதரும் மதுரையில் இருந்ததாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் அந்தக் கட்டம் போட்ட நோட்டையும் நூறு வருடத்தையும் கொடுத்தாலும் நான் 'ட' வரைக்கும்தான் வந்திருப்பேன்.

இன்ஸ்டிட்யூட் முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தார். 'வணக்கம்' என்று திரையில் எழுத்தெழுத்தாக விழுந்ததும், போட்டிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி வந்து நின்றார். அவருக்கு அப்போது சென்னைக் கம்பெனி ஒன்றோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கலாம். மெஷின்களைக் கம்பெனி தரும். நடத்துவதற்குத் தகுந்த ஆள் வேண்டும். "அதிகாரி பொங்கல் முடிஞ்சு வாராரு. நீங்க இதப் போட்டுக் காட்டுங்க. ஒங்களத்தான் வகுப்புக்கு டீச்சராப் போடணும்னு நான் சொல்றேன்" என்றார். அம்மா அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் வைக்க மறந்துபோனாள். அவள் எதையாவது மறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மின்சாரத்தை நிறுத்தினால் அந்த யந்திரம் கற்றதையெல்லாம் மறந்துவிடும். அதனால் எழுதியதை டேப் ரெக்கார்டரில் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். அம்மா ஒரே கேசட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை பதிந்தாள். ஒன்று கெட்டால் இன்னொன்று. அட்டையில் பென்சிலால் 'அ' என்று எழுதி டேப் ரெக்கார்டர் மேலேயே வைத்தாள்.

இனி நான் வருகிறேன்.

பொங்கல் அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. எனக்கு மாடுபிடி வீரனாகும் ஆசை கிடையாது. அதற்கு ஓட வேண்டும். எனக்கு ஆசை மைக்கில்தான். காலையிலிருந்து வர்ணனை கேட்டுவிட்டு வந்து, அதே குரலில் பேசிப் பதிந்து தெருப் பயல்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று துடித்தேன். கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். கீ என்று ஒரு நீண்ட கூச்சல், பிறகு கிர்ர்ர் என்று இரும்புச் சட்டியைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். வீணாய்ப் போன கேசட் என்று முடிவு செய்தேன். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க முழங்கினேன். "வாடிவாசல் தொறந்தாச்சு! வருது பாரு மேலூர்க் காள! புடிச்சுப் பாரு மாப்ள, புடிச்சா பித்தள அண்டா! தொட்டவன் கெட்டான்! மாடு வெற்றி!" என் ஜல்லிக்கட்டில் ஒரு மாடும் பிடிபடவில்லை. எல்லா அண்டாவும் மாட்டுக்கே போனது.

நான்கு நாள் கழித்து அதிகாரி வந்தார். இன்ஸ்டிட்யூட்டின் நடுவில் எங்கள் வீட்டு டிவி. அதன் முன்னே மர நாற்காலியில் அவர், கையை மார்பில் கட்டிக்கொண்டு. பக்கத்தில் முதலாளி, மாமா, டைப்பிங் மாணவிகள் பத்துப் பேர். நான் புதுச் சட்டையில் ஸ்டூல்மேல். அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டு கட்டியிருந்தாள். "வணக்கம் சார். நீங்க ஒங்க பேரச் சொன்னா, அத இந்த டிவி தமிழ்ல எழுதும்" என்பதை அவள் ஒரு வாரமாகப் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேசட்டில் பதிவதற்கு முன்பே அவர் பெயரை முதலாளியிடம் கேட்டு, அதற்கு வேண்டிய எழுத்துகளை அறைகளில் குடிவைத்தும் இருந்தாள்.

டேப் ரெக்கார்டரின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகிக் கேசட்டை ஓடவிட்டாள். வயர் செருகிவிட்டால் ஸ்பீக்கரில் சத்தம் வராது. அதனால் அந்த அறையில் இருந்த யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் கேட்டது. எங்கோ கடல் தாண்டிச் செய்த அந்தப் பாவப்பட்ட யந்திரம், தனக்கு வர வேண்டிய பாடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, மேலூர்க் காளையைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டது. திரையின் ஓரத்தில் கோடுகள் மட்டும் நடுங்கின.

அம்மா ஒலியைக் கூட்டினாள், குறைத்தாள். முன்னால் ஓட்டி இரண்டாவது பதிவைத் தேடினாள். மாமா கேசட்டை உள்ளங்கையில் தட்டிப் போட்டார். நான்காவது தடவை அவள் அதை வெளியே எடுத்தபோது அட்டையில் இருந்த பென்சில் 'அ' என் கண்ணில் பட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

"ஒரு மணி நேரம் இருந்தீங்கன்னா மறுபடி மொதல்லருந்து அடிச்சுக் காட்டிருவேன் சார்" என்றாள் அம்மா. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மோசமான மனிதர் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். "பரவால்லம்மா. டைப்பிங் வேற, இது வேற."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் கேசட்டைப் போட்டு, வாயை மூடிக்கொண்டு, வெறும் மௌனத்தை ஒரு பக்கம் முழுக்கப் பதிந்தேன். தடயத்தை அழிக்கும் அறிவு மட்டும் அந்த வயதிலேயே எனக்கு இருந்தது. மறுநாள் அவள் வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே இல்லை. "பதியவே இல்லையேடா. நாந்தான் தெரியாம என்னமோ பண்ணிருக்கேன்" என்றாள், என்னிடம்தான்.

அந்த வாரக் கடைசியில் மாமா விடுமுறை முடிந்து கம்ப்யூட்டரோடு கிளம்பினார். போகிற வழியில் சென்னையில் யாருக்கோ விற்றுவிட்டார். கட்டம் போட்ட நோட்டின் மிச்சப் பக்கங்களை என் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தாள் அம்மா. பென்சில் எழுத்துகள் இருந்த முன்பக்கங்களை அவளே கிழித்து எடுத்துவிட்டுக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் வகுப்புக்கு வேறொருவர் வந்தார். அம்மா அதே மாடியில், நடுவில் புதிதாகப் போட்ட தடுப்புக்கு இந்தப் பக்கம், இன்ஸ்டிட்யூட் மூடும்வரை தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள்.

அத்தோடு போயிருந்தால் நான் மறந்திருப்பேன். போகவில்லை. பணம் எடுக்கும் மெஷின் வந்தபோது, "நீ எடுத்துட்டு வா, எனக்கு இதெல்லாம் வராது" என்றாள். செல்போன் வந்தபோது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டும் போதும் என்றாள். நான் கடை திறந்த அன்று எல்லா மானிட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, தள்ளிப் போய்க் கடைசி நாற்காலியில் கையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். டிவியைத் தமிழில் பேச வைத்த கை. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு ஜோக் சொல்லிச் சமாளிப்பேன். முப்பத்தெட்டு வருடமாக நான் சொன்ன ஜோக்குகளில் பாதி அப்படி வந்தவைதான். சுமாராக இருந்தால் மன்னிக்கவும்.

போன கார்த்திகையில் இணையத்தில் ஏதோ உதிரிபாகம் தேடிக்கொண்டிருந்தபோது அதே கறுப்பு உடம்பும் ரப்பர் பொத்தான்களும் திரையில் வந்தன. பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பவர் ஒருவர் விற்கிறார். தையில் அம்மாவுக்கு எழுபது முடிகிறது. விலையை இங்கே எழுதப் போவதில்லை. என் மனைவி இதைப் படிக்கக்கூடும். பார்சலைப் பிரித்தபோதே அவள், "ஏங்க, அத்தைக்கு எழுவது வயசுக்கு எல்லாரும் பட்டுச்சேல எடுக்குறாங்க. நீங்க என்ன, கால்குலேட்டரப் போயி எடுத்துருக்கீங்க?" என்றாள். அதை மாட்ட ஆன்டெனா ஓட்டை உள்ள பழைய குண்டு டிவி வேண்டும். வண்டியூரில் ஒரு மெக்கானிக்கிடம் ஒன்று கிடைத்தது. அதற்குள் குடியிருந்த பல்லியை விரட்டிக்கொண்டே, "இத வச்சு என்னண்ணே செய்யப் போறீக?" என்றான். அம்மாவுக்குப் பரிசு என்றேன். பல்லியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "பாவம்ணே. ஒரு நல்ல டிவியா வாங்கிக் குடுங்கண்ணே அவுகளுக்கு."

என் திட்டம் எளிமையானது, கோழைத்தனமானது. பரிசைக் கொடுப்பேன், அம்மா மகிழ்ந்து போவாள், பழைய பாவம் சத்தமில்லாமல் கரைந்துவிடும். வாயைத் திறந்து எதையும் சொல்ல வேண்டிய அவசியம் வராது.

பிறந்தநாள் காலையில் டிவியில் மாட்டி, துண்டைப் போட்டு மூடி, அம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைத்துத் துண்டை இழுத்தேன். அம்மா நீண்ட நேரம் பார்த்தாள். ஒரு விரலால் ரப்பர் பொத்தானைத் தொட்டாள், அமுக்கவில்லை. முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு அது தானாக அணைந்தது. துண்டை எடுத்து அதன்மேல் நான்கு பக்கமும் சரியாக வரும்படி போர்த்தினாள்.

"நல்ல ஞாபகமா வாங்கிருக்கப்பா. ஆனா எனக்கு எதுக்கு இது? எனக்குத்தான் இது வராதே."

ஒன்பது நாள் அது துண்டுக்குள் கிடந்தது. நான் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன். நானும் இரண்டு காய் உரித்தேன். பிறகு சொன்னேன். பொங்கல் அன்று மதியம், கதவைச் சாத்தியது, மேலூர்க் காளை, ஸ்டூலை நகர்த்தியது, மௌனத்தைப் பதிந்தது, எல்லாவற்றையும். நடுவில் பழக்க தோஷத்தில் ஒரு ஜோக் வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அம்மாவின் கை நின்றது.

"அப்ப கேசட்டுல புரோகிராம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ரெண்டு தடவ இருந்துச்சு."

"நான் பண்ணதுல தப்பு இல்ல?"

"ஒரு தப்பும் இல்லம்மா."

"புள்ளி நகராம நிக்கிறதுக்கு ஒண்ணு எழுதியிருந்தேனே, அதுவும் சரியா?"

"சரிதாம்மா. எல்லாம் சரி. நாந்தான்..."

நான் சொல்வது எதுவும் அவள் காதில் விழவில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. முப்பத்தெட்டு வருடம் அவள் அதைக் குனிந்தே சுமந்திருக்கிறாள் என்பது அது நிமிர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு மறுபடி மொச்சையை எடுத்தாள்.

"ஏண்டா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. அன்னிக்கு பஸ்ஸுலயாச்சும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வேண்டிய சோறு மனைவி வழியாக வந்தது. "அத்த என்ன, ஒங்களப் பாக்கவே மாட்டேங்குறாக? என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் அவள். மாட்டைப் பற்றிப் பேசினேன் என்றேன்.

மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்தபோது துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியும் கட்டம் போட்ட புது நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "மொத ஆறு வரிக்கு நூத்தி முப்பது, அப்பறம் எரநூத்தி அம்பத்தி நாலு, கடைசில சைபர்."

"என்னதும்மா?"

"'ப'."

பழைய டெலிபோன் நம்பர்கள் சிலருக்கு மறக்காது அல்லவா, அப்படி எட்டு வரியின் எண்களோடு 'ப' அவளுக்குள் இருந்தது. 'ட' இருந்தது. 'க' பாதி இருந்தது. 'ண' போய்விட்டது, அதை முதலிலிருந்து வரைந்தாள், இந்தத் தடவை இரண்டே நாளில். "அப்ப சுழிய ரொம்ப கீழ வச்சுட்டேன்" என்றாள். கம்ப்யூட்டர் புத்தகம் பெங்களூரிலிருந்து வரவில்லை. அதை நான் இணையத்தில் தேடி அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த வேலை முழுவதிலும் என் பங்கு அவ்வளவுதான். ஒருநாள் ஏதோ பிழை என்று திரை சொன்னபோது, தொழில் புத்தியில் ஆஃப் செய்து ஆன் செய்யட்டுமா என்று கையை நீட்டினேன். "தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன். பதியல இன்னும்" என்றாள். எழுபது வயது விரல்கள், கொஞ்சம் நடுக்கம் உண்டு. ஆனால் ரப்பரின் மேல் அவை போன விதத்தில் ஓர் அதிகாரம் இருந்தது. என் கடையில் நான் ஒருநாளும் ஒரு மெஷினை அப்படித் தொட்டதில்லை. வாசலில் நின்றபடி பார்ப்பேன். டிவியின் பின்னால் போய் எட்டிப் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

பதினோராம் நாள் முடித்தாள். கேசட்டுக்குப் பதில் செல்போனில் அந்தக் கீச்சொலியைப் பதியலாம் என்று சொல்லியிருந்தேன். "ஏம் போன்ல ஒண்ணு, மருமக போன்ல ஒண்ணு போட்டுட்டேன்" என்றாள். என் போனை எடுத்து நீட்டினேன். "ஒன் போன்ல வேணாம்."

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டாள். குண்டு டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அம்மா பட்டு கட்டியிருந்தாள். மனைவி சுவரோரம் நின்றாள்.

"உக்காரு. அந்தச் சாரு உக்காந்த மாதிரி உக்காரு."

உட்கார்ந்தேன். கையை மார்பில் கட்டிக்கொண்டேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அம்மா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"வணக்கம் சார். நீங்க ஒங்க பேரச் சொன்னா, அத இந்த டிவி தமிழ்ல எழுதும்."

ஒரு வார்த்தைகூட மாறவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். அவள் குனிந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள். திரையில் ஒவ்வொரு எழுத்தாக என் பெயர் விழுந்தது. எந்த எழுத்துக்கும் அவள் தயங்கவில்லை. எந்த எழுத்தும் இல்லாமல் போகவில்லை. அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்த யந்திரத்தில் மொத்தம் இருபத்தொரு அறைகள். பேசாமல் இருந்த நாட்களுக்குப் பிறகு, ஒவ்வோர் எழுத்தாக யோசித்து யோசித்து அவள் குடிவைத்தபோது, என் பெயருக்கு வேண்டியவை அத்தனைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறாள்.

கடைசி எழுத்துக்கு முன்னால் புள்ளி வந்தது. திரையில் தனியாக, உயரத்தில், அது மட்டும் ஒளிர்ந்தது. நகரவில்லை. அம்மா அடுத்த பொத்தானை உடனே அமுக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அமுக்கினாள். எழுத்து வந்து அதன் கீழே உட்கார்ந்தது.

"ஏதும் தப்பு இருக்கா சார்?"

"இல்லீங்க மேடம்" என்றேன்.